வெளியே பூட்டிய வீடு

போன மாதம் என் பழைய ஆபீஸிலிருந்து இரண்டு பெண்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். இருவரும் வீட்டு வரி இலாகாவில் இன்ஸ்பெக்டர்கள். காபி குடித்துக்கொண்டே ஒருத்தி தன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். ஒரு கதவு, அதில் ஒரு பூட்டு. இந்த மாதிரி மூன்று தடவை படம் எடுத்து ஏற்றிவிட்டால் போதுமாம், கம்ப்யூட்டரே ஆளில்லாத வீடு என்று முடிவு கட்டி ஏலம் வரைக்கும் கொண்டு போய்விடுமாம்.

"பூட்டை இழுத்துப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்கு ஆன்ட்டி? போட்டோவுலயே பூட்டு நல்லா தெரியுதே."

"தெரியுது. யார் பூட்டினாங்கன்னு தெரியுதா?"

இரண்டும் சிரித்தன. கிழவிக்கு வேலை விட்டுப் போனாலும் சந்தேகம் விட்டுப் போகவில்லை என்று நினைத்திருக்கும். போகவில்லைதான். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்கியவள் நான். இன்றைக்கும் காய்கறிக்காரன் தராசை வைத்தால் என் கண் முள்ளைப் பார்க்காது, அவன் சுண்டுவிரலைத்தான் பார்க்கும். அந்தப் பெண்கள், "அப்போ எப்படித்தான் கண்டுபிடிச்சீங்க, எழுதிக் கொடுங்களேன்" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. யாராவது படித்துச் சொல்லட்டும். தில்லிக்காரர்கள் இந்தியில் பேசியதையெல்லாம் எனக்கு வந்த தமிழில்தான் எழுதியிருக்கிறேன்.

மதுரையில் கல்யாணம் முடிந்த கையோடு தில்லிக்கு வந்தேன். எங்க வீட்டுக்காரருக்கு மத்திய சர்க்கார் உத்தியோகம், கிட்வாய் நகரில் குவார்ட்டர்ஸ். பரீட்சை எழுதி வீட்டு வரி இலாகாவில் சேர்ந்தேன். முதல் சில வருஷம் உட்கார்ந்து கூட்டல் கழித்தல் பார்த்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. பிறகு எங்களில் இரண்டு பெண்களை இன்ஸ்பெக்டர் ஆக்கினார்கள். பெண்களை முன்னுக்குக் கொண்டுவரும் நல்லெண்ணம் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய தில்லிச் சந்துகளில் பகலில் ஆண்கள் கடைக்குப் போய்விடுவார்கள். வீட்டுப் பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஆண் இன்ஸ்பெக்டர் முன்னால் வரமாட்டார்கள். உள்ளே போய்ப் பார்க்க ஒரு பொம்பளை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

எனக்கு மேலதிகாரி சோப்தி சாப். ஒல்லியான மனிதர், வெயிலோ குளிரோ சாம்பல் நிற சஃபாரி சூட். அவரைப் போல் ஒரு சந்தேகப் பிராணியை நான் பார்த்ததில்லை. விசாரணைக்குப் போகிற இடத்தில் யார் வீட்டிலும் உட்காரமாட்டார். பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார். தோள்பையில் சொந்தமாக ஒரு பிளாஸ்க், ஒரு கண்ணாடி தம்ளர். தாகம் எடுத்தால் சந்து முனைக்கு வந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று குடிப்பார். "தண்ணி கொடுக்கறவன் அப்புறம் டீ கொடுப்பான் சுந்தரிஜி. டீ கொடுக்கறவன் அப்புறம் கல்யாணத்துக்குக் கூப்பிடுவான்" என்பார். என்னையும் அவர் நம்பியதில்லை. நான் போய்ப் பார்த்து எழுதிய வீட்டை, எனக்குச் சொல்லாமல் அடுத்த வாரம் தானும் போய்ப் பார்ப்பார். அது தெரிந்தபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. பின்னால் நானே அப்படித்தான் ஆனேன்.

வேலை இதுதான். வீட்டுக்காரர் செத்துப்போய் வாரிசுகள் சண்டை போட்டோ, ஊரைவிட்டுப் போயோ, கேட்பாரற்றுக் கிடக்கும் வீடுகள் அந்தச் சந்துகளில் நிறைய. வருஷக்கணக்காக வரி வராது. சுவர் சாயும், வௌவால் அடையும், சந்துக் குப்பையெல்லாம் அங்கே சேரும். நாங்கள் போய் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வாங்க ஆள் இல்லையென்றால் கதவில் ஒட்டி, அக்கம்பக்கத்தில் இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் தமுக்கு அடித்து அறிவிப்பு, அப்புறம் அந்த வாசலிலேயே ஏலம். எடுத்தவர் வீட்டைச் சரிபண்ணுவார், சந்துக்கும் வெளிச்சம் வரும், கஜானாவுக்கும் வரி வரும். காகிதத்தில் படித்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும்.

நேரில் போனால்தான் தெரியும். தில்லியில் பாதி வீடுகள் தானாகப் பாழாகவில்லை, யாரோ பாழாக்கினார்கள். சதர் பஜார் பக்கம் ஒரு வீட்டுச் சுவர் சாய்ந்துவிட்டது, சீக்கிரம் ஏலம் விடுங்கள் என்று மனுமேல் மனு வந்தது. ஜூன் மாதம், அனல்காற்று முகத்தில் அறைகிறது, அந்தச் சுவரின் அடி மட்டும் சொதசொதவென்று ஈரம். பக்கத்து வீட்டில் நின்றுகொண்டு கவனித்தால், மனு போட்ட மகராசனே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறான். கேட்டால், "செடிக்கு ஊத்தறேன் ஜி" என்றான். அங்கே ஒரு புல்லும் இல்லை. எனக்கே காதில் பூ சுற்றப் பார்த்தான்.

சோப்தி சாப் எனக்குச் சொல்லிக் கொடுத்த முறை இது. கதவைப் பார்க்காதே, பூட்டைப் பார். பூட்டைக் கையால் இழுத்துவிட்டு விரலை முகர்ந்து பார். எண்ணெய் வாசனை வந்தால் தினம் திறக்கிற பூட்டு, துரு வாசனை வந்தால் மட்டும் மேலே போ. பிறகு சாக்கடையைப் பார். மனிதர்கள் பூட்டலாம், ஒளியலாம், ஆனால் குளிக்காமல் சமைக்காமல் இருக்க முடியாது. வீட்டிலிருந்து வரும் சாக்கடை வாய் காய்ந்து கிடந்தால் ஆளில்லை. அவர் சொல்லிக் கொடுத்த இந்த வழி ஒரே ஒரு வீட்டில்தான் எங்களை ஏமாற்றியது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எமர்ஜென்சி முடிந்து இரண்டொரு வருஷம் இருக்கும். வரி ஆபீஸ் என்றாலே அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அடிவயிறு கலங்கும் காலம். ஹவுஸ் காஜி பக்கம் ஒரு குறுகிய சந்தில் இரண்டு மாடி வீடு. சொந்தக்காரர் பெயர் ராம்சரண். எனக்கு முன்னால் இருந்த இன்ஸ்பெக்டர் எல்லா நடைமுறையையும் முடித்துவிட்டு மாற்றலாகிப் போயிருந்தார். வீடு பல வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது, ராம்சரண் இறந்துவிட்டார், மனைவி மீரட்டில் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள் என்று எழுதியிருந்தார். பக்கத்து வீட்டு பன்சிலாலும் அவர் கடை ஆளும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஏலத் தேதியும் குறித்தாகிவிட்டது. கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு வா என்று சோப்தி சாப் என்னை அனுப்பினார்.

போனேன். பூட்டை இழுத்து விரலை முகர்ந்தேன். துரு. சாக்கடை வாயைப் பார்த்தேன். காய்ந்து வெடித்திருந்தது. கதவில் பழைய நோட்டீஸ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, மழையில் ஊறிக் காய்ந்து தொங்கின. சரி, ஆளில்லாத வீடுதான் என்று திரும்பினேன். அப்போதுதான் நாதாங்கி கண்ணில் பட்டது. பூட்டு முழுக்கத் துரு, ஆனால் பூட்டு உரசுகிற இடத்தில் நாதாங்கியின் அடிப்பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. எனக்கு மூக்கில் வேர்த்தது.

பக்கத்து வாசல்களில் கேட்டேன். "பூட்டியிருக்கு ஜி, வருஷக்கணக்கா பூட்டியிருக்கு." எதிர்வீட்டில் கேட்டேன். "பூட்டியிருக்கு ஜி, வருஷக்கணக்கா பூட்டியிருக்கு." பான் கடையில் கேட்டாலும் அதேதான், ஒரு சொல் மாறவில்லை. உண்மையைச் சொல்கிறவர்கள் ஆளுக்கொரு மாதிரி சொல்வார்கள். ஒருத்தி ஐந்து வருஷம் என்பாள், இன்னொருத்தி பத்து என்பாள், மூன்றாமவள் அந்த வீட்டு மருமகள் கதையை ஆரம்பித்துவிடுவாள். சந்து முழுக்க ஒரே வாக்கியம் என்றால் அதை யாரோ பாடம் பண்ணி வைத்திருக்கிறார்கள்.

பன்சிலால் துணிக்கடைக்காரர். வெள்ளை வேட்டி, வாயில் வெற்றிலை, பேச்சில் தேன். "வாங்க மதராசி பெஹன்ஜி, உட்காருங்க, லஸ்ஸி சொல்றேன்" என்றார். அந்த வீட்டால் தன் சுவரும் விரிசல் விடுகிறது, பாம்பு வருகிறது, ஏலம் எப்போது, யார் யார் வருவார்கள் என்று விசாரித்தார். அந்தச் சந்தில் வேறு யாரும் ஏலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. லஸ்ஸியை நான் தொடவில்லை.

வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "பாம்பு இருக்குன்னா இருந்துட்டுப் போகுது. ஒனக்கு எதைப் பாத்தாலும் சந்தேகந்தேன்" என்றார்.

"ஆளில்லாத வீட்டு நாதாங்கி எப்படிங்க தேயும்?"

"காத்துல ஆடித் தேஞ்சிருக்கும்."

"தில்லிக் காத்து பூட்டைத் திறந்து மூடுதாக்கும்."

"ஆத்தாடி, நான் வாயே தொறக்கல. அந்த உப்பை எடு."

அந்த வாரம் கர்வா சௌத் வந்தது. வடக்கே புருஷன் உயிரோடு இருக்கும் பெண்கள் அவன் ஆயுசுக்காக இருக்கிற விரதம் அது. விடியலிலிருந்து சொட்டுத் தண்ணீர் இல்லாமல் இருந்து, ராத்திரி நிலா வந்ததும் மொட்டை மாடியில் நின்று சல்லடை வழியாக நிலாவைப் பார்ப்பார்கள். பிறகு அதே சல்லடை வழியாகப் புருஷன் முகத்தைப் பார்ப்பார்கள். அவன் தண்ணீர் கொடுத்தால்தான் விரதம் முடியும். விதவைகளுக்கு இந்த விரதம் கிடையாது. எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட் உஷா அதே பகுதியில், ராம்சரண் வீட்டுக்குப் பின்புறச் சந்தில் குடியிருந்தாள். எந்த ஆபீஸில் வேலை என்று சந்தில் சொல்லமாட்டாள், சந்தைப் பற்றி ஆபீஸில் வாய் திறக்கமாட்டாள். ஒவ்வொரு வருஷமும், "தீதி, ஒரு தடவை வந்து பாருங்க" என்று கூப்பிடுவாள். அந்த வருஷம் வருகிறேன் என்றேன். நான் போவதைக் கேட்டு எங்க வீட்டுக்காரர், "எனக்காக ஒரு வேளைக் காபியாச்சும் விட்டிருக்கியா நீ" என்றார்.

எனக்கு விரதத்தில் அக்கறை இல்லை. அந்த வீட்டின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அதோடு சந்தில் இருக்கிற பெண்கள் எல்லாரும் மாடிக்கு வந்தே தீரவேண்டிய நாள் வருஷத்தில் அது ஒன்றுதான். உஷா என்னை விடவில்லை. தன் சிவப்புப் புடவையைக் கட்டிவிட்டு, கை நிறைய வளையல் போட்டு, நெற்றி வகிட்டில் குங்குமத்தைத் தீற்றிவிட்டாள். கல்யாணப் பொம்மை மாதிரி மாடியில் நின்றேன். சுற்றிலும் எல்லா மாடிகளிலும் சிவப்புப் புடவைகள், சல்லடைகள், அகல் விளக்குகள், பசி தாங்காத முணுமுணுப்பு. நிலா வந்ததும் எல்லா மாடிகளிலிருந்தும் ஒரே கூச்சல் எழுந்தது.

உஷா வீட்டுக் கைப்பிடிச் சுவரை ஒட்டினாற்போல அடுத்த மாடி. அங்கே ஒரு பெண் தனியாக நின்றுகொண்டிருந்தாள். சல்லடையை நிலாவுக்கு நேரே பிடித்தாள். பிறகு திரும்பி, சுவரில் சாய்த்து வைத்திருந்த ஒரு போட்டோவுக்கு நேரே பிடித்தாள். செம்பிலிருந்து தானே தண்ணீர் ஊற்றிக் குடித்தாள். எது யாருடைய மாடி என்று எண்ணிப் பார்த்தேன். அது ராம்சரண் வீட்டு மாடி.

அவளே என்னைப் பார்த்துச் சிரித்தாள். "உஷா வீட்டுக்கு வந்திருக்கீங்களா? இந்த வருஷம் நிலா சீக்கிரம் வராம ரொம்ப அழ வெச்சுடுச்சு, இல்ல?" அவள் பெயர் பிரகாஷ்வதி. நாற்பது வயது இருக்கும். புருஷன் கல்கத்தாவுக்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்றாள். எப்போது போனார் என்று கேட்டேன். "ரொம்ப நாளாச்சு. வருவாரு" என்றாள். எந்தச் சந்தேகமும் இல்லாமல், பால்காரன் வருவான் என்பதுபோலச் சொன்னாள்.

"உங்க வாசல் பகல்ல பூட்டியே இருக்கே?"

"அதுவா?" என்று குரலைத் தாழ்த்தினாள். "வரிக்காரங்களுக்காக. காலையில பன்சி பையா வெளியே பூட்டிடுவாரு, ஆபீஸ் முடியற நேரத்துக்குத் திறந்துவிடுவாரு. நோட்டீஸைக் கையால வாங்கினாத்தானே வரி? வாங்கலைன்னா யாரும் ஒண்ணும் பண்ண முடியாதாம். பகல்ல சாக்கடையில தண்ணிகூட விடமாட்டேன். வாசப் பக்கத்து வாயை பையாவே அடைச்சுக் கொடுத்துட்டாரு."

பையா என்றால் அண்ணன், பன்சிலாலைத்தான் அப்படிச் சொன்னாள். நோட்டீஸைக் கையில் வாங்காவிட்டால் தப்பிக்கலாம் என்பது அந்தச் சந்துகளில் எல்லாரும் நம்பிய விஷயம். அதனால்தான் ஒரு வீட்டைப் பற்றி இன்னொரு வீடு எங்களிடம் வாய் திறக்காது. பிரகாஷ்வதியைக் காப்பாற்றுவதாகத்தான் சந்து முழுக்க அந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னது. ஆனால் சட்டம் வேறு. ஆள் இல்லையென்று கதவில் ஒட்டினாலே நோட்டீஸ் கொடுத்ததாக ஆகிவிடும். ஆள் குடியிருந்தால் கையில் கொடுத்து, வரி கட்ட அவகாசம் தரவேண்டும், இப்படி ஏலம் விட முடியாது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு ஒளிந்த ஒவ்வொரு நாளும் வீட்டைத் தன் கையாலேயே தூக்கிக் கொடுத்திருக்கிறாள். இந்தச் சட்டம் பன்சிலாலுக்கு நன்றாகத் தெரியும்.

இன்னும் நாலு நாளில் ஏலம். முடிந்துவிட்டால் அவள் தெருவில் நிற்பாள். பதற்றத்தில் நான் பெரிய முட்டாள்தனம் செய்தேன். "பிரகாஷ்வதி, நான் வீட்டு வரி ஆபீஸ்லேர்ந்துதான் வர்றேன். உன் வீட்டை ஏலம் போடப் போறாங்க. நாளைக்குக் கதவைத் திறந்து வை" என்று மடமடவென்று கொட்டிவிட்டேன்.

அவள் முகம் செத்துப்போயிற்று. என் சிவப்புப் புடவையைப் பார்த்தாள், வளையலைப் பார்த்தாள், வகிட்டுக் குங்குமத்தைப் பார்த்தாள். "பன்சி பையா சொன்னாரு, நீங்க வேஷம் போட்டுக்கிட்டுக்கூட வருவீங்கன்னு" என்றாள். போட்டோவை மார்போடு அணைத்துக்கொண்டு கீழே ஓடிவிட்டாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவள் நான், அன்றைக்கு என்னை ஒருத்தி சந்தேகப்பட்டாள். சுருக்கென்று தைத்தது.

மறுநாள் சோப்தி சாப்பிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"ஏலத்தை நிறுத்தச் சொல்லி உங்ககிட்ட யார் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். நான் கண்ணால பார்த்தேன்."

"ஏலத்தை நடத்தறதுக்குக் காசு வாங்கறவன் ஒருத்தன்னா, நிறுத்தறதுக்கு வாங்கறவங்க பத்துப் பேர். என் சர்வீஸ்ல நான் பார்த்தது அது."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "அப்படின்னா என் வீட்டைச் சோதனை போடுங்க சார். கிட்வாய் நகர்ல எது எங்கே இருக்குன்னு நானே காட்டறேன்" என்றேன். அவர் கோபப்படவில்லை. ராத்திரி மாடியில் நின்ற பெண் யார் வீட்டுப் பெண்ணாகவும் இருக்கலாம், அதை விசாரணையாக எழுத முடியாது என்றார். அப்படியானால் சாயங்காலம், பன்சிலால் பூட்டைத் திறந்த பிறகு போகலாமே என்றேன். ஆபீஸ் நேரம் முடிந்தபின் யார் வீட்டிலும் நுழைய நமக்கு அதிகாரம் இல்லை என்றார். பகலில் போனால் பூட்டியிருக்கிறது, திறந்திருக்கிற நேரத்தில் போகக்கூடாது. பன்சிலால் எவ்வளவு கணக்காகச் செய்திருக்கிறான்.

"ஏலத்தன்னைக்கு நானே வர்றேன்" என்றார் கடைசியில். "கூப்பிடுங்க. சாட்சிகள் முன்னால உள்ளேர்ந்து ஒரு குரல் வரட்டும், நிறுத்தறேன். வரலைன்னா அது ஆளில்லாத வீடு."

அன்று மதியமே போனேன். பூட்டிய கதவில் வாயை வைத்துக் கூப்பிட்டேன். சத்தமே இல்லை. ஒரு சீட்டில் எழுதிக் கதவிடுக்கில் தள்ளினேன். சிறிது நேரத்தில் அது அப்படியே வெளியே வந்தது. உள்ளேயிருந்து துடைப்பக்குச்சியால் தள்ளியிருக்கிறாள். காகிதத்தைக் கையால் தொட்டால்கூட வரி வந்துவிடும் என்று பயம். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் சந்தில் நின்றேன். உஷாவை அனுப்பினேன். அவள் முகத்தில் அடித்தாற்போல மாடிக் கதவும் சாத்தப்பட்டுவிட்டது. வரிக்காரியைக் கூட்டிவந்தவள் ஆயிற்றே.

ஏலத்துக்கு முதல்நாள் அறிவிப்புக் காகிதத்தைத் தயார் செய்தபோதுதான் அந்தச் சொல்லைச் சரியாகக் கவனித்தேன். 'ஸ்வர்கவாசி ராம்சரணுக்குச் சொந்தமான கட்டடம்' என்று ஆரம்பித்தது. காலமானவர் என்று அர்த்தம். பன்சிலாலின் சாட்சியத்தை வைத்து எழுதியது. மாடியில் போட்டோவுக்கு நேரே சல்லடை பிடித்த அந்த முகம் நினைவு வந்தது. வீடு போகிறது என்று சொன்னால் நம்பமாட்டாள், எதைச் சொன்னாலும் வாய் திறக்கமாட்டாள். ஆனால் இந்தச் சொல் காதில் விழுந்தால்? கொடுமைதான். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஏலத்தன்று சந்து நிறையக் கூட்டம். சோப்தி சாப் ஒரு பெஞ்சின் முன்னால் நின்றார், உட்காரவில்லை. கையில் பித்தளை மணி. தமுக்கு அடித்து அறிவிப்பு வாசிப்பவர் ரம்ஸானி, கிழவர். பரம்பரையாக அதுதான் தொழில். தமுக்கை மட்டும் ஊருக்கே கேட்கிற மாதிரி அடிப்பார். வாசிப்பதைத் தன் தாடிக்குள்ளேயே முணுமுணுத்து முடித்துவிடுவார். அன்றும் அப்படித்தான், யார் காதிலும் ஒரு சொல் விழவில்லை. நான் கதவருகே போய், "பிரகாஷ்வதி, ஒரு வார்த்தை பேசும்மா" என்று கெஞ்சினேன். பன்சிலால் கூட்டத்தைப் பார்த்து, "பூட்டின வீட்டோட பேசறாங்க, பாவம், மதராசி வெயில் தலைக்கேறிடுச்சு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

ஏலம் ஆரம்பித்தது. கேட்டவர்கள் மூன்று பேர். மூன்றாமவன் பன்சிலாலின் மைத்துனன். முதல் இருவரும் அவன் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கேட்டுவிட்டு, சொல்லி வைத்ததுபோல ஒதுங்கினார்கள். சோப்தி சாப் ஒரு மணி அடித்தார். இரண்டாவதும் அடித்தார்.

"சார்" என்றேன். "கடைசி மணிக்கு முன்னாடி அறிவிப்பை இன்னொரு தடவை வாசிக்கணும். விதி இருக்கு."

"எதுக்கு? அதான் வாசிச்சாச்சே" என்றார் பன்சிலால்.

சோப்தி சாப் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். "விதி இருக்கு" என்றார்.

ரம்ஸானியைத் தோளைப் பிடித்துக் கதவுப் பக்கம் திருப்பினேன். "சாச்சா, கதவைப் பார்த்து வாசிங்க. தமுக்கு வேண்டாம். ஒவ்வொரு சொல்லா, சத்தமா." கிழவர், "தொண்டை போயிடும் மகளே" என்று முனகிக்கொண்டே காகிதத்தைக் கண்ணுக்குத் தள்ளிப் பிடித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, சந்தே அதிரும்படி ஆரம்பித்தார்.

"ஸ்வர்கவாசி ராம்சரணுக்குச் சொந்தமான..."

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. ரம்ஸானி நிறுத்தினார்.

"பொய்!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் அலறியது. "பொய்! யாருடா சொன்னது? அவர் உசிரோட இருக்காரு! உசிரோட இருக்காரு!" கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். பழைய நோட்டீஸ்கள் கதவில் படபடவென்று ஆடின.

பன்சிலாலின் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "சாப், இந்த வீட்டுல பேய் உண்டுன்னு எல்லாருக்கும் தெரியுமே" என்றார்.

"பேய்க்கும் வரி உண்டு" என்றார் சோப்தி சாப். மணியைத் தலைகீழாகப் பெஞ்சில் வைத்தார். "ஆளில்லாத வீடு பேசுது. ஏலம் கிடையாது. சாவி எங்கே?"

"என்கிட்ட ஏது சாப் சாவி?"

"சரி. சுத்தியலை எடுங்க" என்று பியூனிடம் சொன்னார். பழைய பூட்டு, நல்ல பூட்டு, உடையப் போகிறது. பன்சிலாலின் கை தானாக இடுப்பு வேட்டி முடிச்சுக்குப் போயிற்று. சந்து முழுக்க அந்தக் கையைப் பார்த்தது. அவரே போய்ப் பூட்டைத் திறந்தார்.

பிரகாஷ்வதி வெளியே வந்தாள். முக்காடு நழுவியிருந்தது, இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை. வீட்டைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "யார் சொன்னது?" என்றாள் மறுபடியும். சோப்தி சாப் சாட்சிக் கையெழுத்து இருக்கிற பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். நேரம் ஆயிற்று. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

பிறகு நிமிர்ந்து பன்சிலாலைப் பார்த்தாள். "பையா, ஒவ்வொரு வருஷமும் இந்த விரதத்துக்குப் பானையும் சல்லடையும் நீங்கதானே வாங்கிட்டு வந்து கொடுத்தீங்க?" என்று கேட்டாள்.

குரலில் கோபம்கூட இல்லை, அதிசயமாகக் கேட்டாள். பன்சிலால் தரையைப் பார்த்தார். மைத்துனன் எப்போதோ கம்பி நீட்டிவிட்டிருந்தான்.

சோப்தி சாப் தொண்டையைச் செருமிக்கொண்டு, வரி பாக்கி, அவகாசம், தவணை என்று அவளுக்கு விளக்க ஆரம்பித்தார். அவள் கையை நீட்டித் தடுத்தாள். காகிதத்தில் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தாள். முதல்முறையாக ஒரு சர்க்கார் காகிதத்தைக் கையால் தொட்டாள்.

"வீடு அப்புறம். முதல்ல இதை அடிங்க."

சோப்தி சாப் வாயைத் திறந்தார். அவர் என்ன கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும். உயிரோடு இருப்பதற்கு என்ன ஆதாரம், கடிதம் உண்டா, மணியார்டர் உண்டா, பார்த்தவர் உண்டா? எந்தக் காகிதத்திலும் ஆதாரமில்லாமல் ஒரு புள்ளிகூட மாற்றாத மனிதர் அவர். அவள் முகத்தைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். பேனாவை எடுத்து அந்தச் சொல்லை அடித்து, மேலே, உயிரோடு இருப்பவர் பெயருக்கு முன்னால் போடுகிற 'ஸ்ரீ'யை எழுதி, பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டார். பிறகு காகிதத்தை அவளிடம் காட்டினார். அவள் தலையசைத்தாள். உள்ளே போய் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் வாங்கிக் குடித்தேன். சோப்தி சாப் அப்போதும் குடிக்கவில்லை. சந்து முனைக்குப் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று தன் பிளாஸ்கைத் திறந்தார். வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டார்.

பன்சிலாலை யாரும் ஒன்றும் செய்யவில்லை. கடை நடந்தது, வியாபாரமும் நடந்தது. என்னைப் பார்த்தால் வணக்கம்கூடச் சொல்வார். பிரகாஷ்வதி கீழ்த்தளத்தில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியைக்கு இடம் வாடகைக்கு விட்டு, தவணையில் பாக்கியைக் கட்டினாள். அந்தச் சந்துக்கு நோட்டீஸ் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வருஷமும் நானேதான் போனேன். பகலில் கதவு திறந்திருக்கும். நோட்டீஸை இரண்டு கையாலும் வாங்கி, முதல் வரியில் பெயருக்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது என்று விரல் வைத்துப் பார்ப்பாள். ஸ்ரீ ராம்சரண். பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவாள், அப்புறம்தான் எனக்கு டீ. சோப்தி சாப் ஓய்வு பெற்றுப் போனார், பிறகு நானும் போனேன். நான் போகும்வரை அந்த வரியில் ஒரு எழுத்தும் மாறவில்லை.

அந்த மனிதர் உண்மையில் உயிரோடு இருந்தாரா? கல்கத்தா வீட்டு வரி ஆபீஸுக்கு ஒரு கடிதம் போட்டிருந்தால் ஒரு மாதத்தில் தெரிந்திருக்கும். எனக்குச் சந்தேகம்தான். ஆனால் என் சர்வீஸ் முழுவதிலும் அந்த ஒரு சந்தேகத்தை மட்டும் நான் விசாரிக்கவில்லை.